ஹேக் கோர்ட்டுக்கு நீதிபதி போடுவது யார்? மண்டபத்தில் வந்த சீட்டுகளும் என் பதில்களும்

போன மாதம் மண்டபத்தில் மீனவர் கூடத்தில் ஒரு சட்ட முகாம். நான் பேசப் போனது பட்டா மாற்றம், வாரிசுச் சான்றிதழ் பற்றி. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்து, "சார், ஹேக்ல இருக்கிற கோர்ட்டுக்கு நீதிபதியை யார் போடுறாங்க?" என்றான். அவ்வளவுதான், பட்டா பறந்துவிட்டது. ஆளாளுக்குக் கேள்வி. நேரம் போதாமல், எல்லாரும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், வீட்டில் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ராமநாதபுரம் நீதிமன்றங்களில் முப்பது வருடம் ஓட்டியவன் நான். நெதர்லாந்தில் இருக்கும் ஹேக் நகரத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் சட்டத்தையும் தீர்ப்புகளையும் தொடங்கிய நாளிலிருந்து விடாமல் படித்து வருகிறேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

வக்கீல் ஐயா, அந்த நீதிபதிகளை ஐ.நா. சபை நியமிக்குதா? இல்ல நம்ம சுப்ரீம் கோர்ட் மாதிரி நீதிபதிகளே கூடி முடிவு பண்றாங்களா? (விசைப்படகு உரிமையாளர், பாம்பன்)

இரண்டும் இல்லை, அண்ணே. ஓட்டுப் போட்டுத்தான்.

1998 ஜூலையில் ரோம் நகரில் ஓர் உடன்படிக்கை நிறைவேறியது. 120 நாடுகள் ஆதரவு, 7 எதிர்ப்பு, 21 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. 2002 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அப்படிப் பிறந்ததுதான் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். இனப்படுகொலை, மனித குலத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம், ஆக்கிரமிப்புக் குற்றம் ஆகிய நான்கையும் விசாரிக்கும். நாடுகளை அல்ல, ஆட்களை விசாரிக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அங்கே மொத்தம் 18 நீதிபதிகள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஆறு பேர் இறங்க, ஆறு புதியவர்கள் ஏறுவார்கள். ஒருவருக்கு ஒன்பது வருடம், ஒரே ஒரு தடவை. மறுபடி நிற்க முடியாது. உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளின் பேரவை கூடி ரகசிய வாக்கெடுப்பு நடத்தும். பெரிய நாடோ குட்டித் தீவோ, எல்லாருக்கும் ஒரே மதிப்புள்ள வாக்கு. வந்து வாக்களித்த நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால்தான் வெற்றி. 120 நாடு வாக்களித்தால் 80 வேண்டும். பாதிக்கு மேல் ஒன்று கிடைத்தால் போதும் என்ற கணக்கு அங்கே செல்லாது.

33 சுற்று ஓட்டுப் போட்டாங்கன்னு முகாமில் சொன்னீங்க. நம்பவே முடியல. ஏன் அத்தனை? (கடை உரிமையாளர், தங்கச்சிமடம்)

நிஜம்தான். 2003 பிப்ரவரியில் நியூயார்க்கில் நடந்த முதல் தேர்தல் அது. 18 இடத்தையும் ஒரே மூச்சில் நிரப்ப வேண்டியிருந்தது. மூன்றில் இரண்டு பங்கு வாங்கியவர் உள்ளே போவார். மிச்ச இடத்துக்கு அடுத்த சுற்று, அப்புறம் அடுத்த சுற்று. கடைசி இடங்களுக்கு வரும்போது நாலைந்து பேர் ஏறக்குறைய சமமாக நிற்பார்கள், யாரும் கோட்டைத் தொட மாட்டார்கள். யாராவது சலித்து விலகினால்தான் நகரும். பாம்பன் ஏலத்தில் கடைசிக் கூடை நண்டுக்கு இரண்டு வியாபாரிகள் முறைத்துக்கொண்டு நிற்பார்களே, அந்த நேரம் மாதிரி.

வாக்குச்சீட்டிலும் சிக்கல் உண்டு. நினைத்த பெயரையெல்லாம் எழுத முடியாது. ஆப்பிரிக்காவிலிருந்து இத்தனை, ஆசியாவிலிருந்து இத்தனை, பெண்கள் இத்தனை பேர், அடுத்த பதிலில் சொல்லும் ஏ, பி பட்டியல்களில் இத்தனை என்று குறைந்தபட்சக் கட்டாயம் தொடக்கச் சுற்றுகளில் இருக்கும். அதைப் பின்பற்றாத சீட்டு செல்லாது. அந்தக் கட்டாயத்தால்தான் முதல் அணியிலேயே 18 பேரில் 7 பெண்கள் வந்தார்கள். சர்வதேச நீதிமன்றங்களில் அதுவரை அப்படி ஒரு எண்ணிக்கை கிடையாது. சுற்று கூடினாலும் பரவாயில்லை, இந்த விதி நல்ல விதி என்பது என் கருத்து.

முதல் 18 பேரும் ஒரே நாளில் ஓய்வு பெற்றுவிடக் கூடாது என்பதற்காக, யாருக்கு மூன்று வருடம், யாருக்கு ஆறு, யாருக்கு ஒன்பது என்று சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். ஆமாம், நம் ஊர்க் குலுக்கல்தான்.

சார், ஏ பட்டியல், பி பட்டியல் என்று இரண்டு இருப்பதாகப் படித்தேன். இரண்டில் எது உசத்தி? (சட்டக் கல்லூரி மாணவி, ராமநாதபுரம்)

நல்ல கேள்வி, பாப்பா. இந்தத் தேர்வின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

குற்றவியல் சட்டத்தில் நீதிபதியாகவோ அரசு வழக்கறிஞராகவோ வக்கீலாகவோ பழுத்தவர்களுக்கு ஏ பட்டியல். போர்ச் சட்டம், மனித உரிமை போன்ற சர்வதேசச் சட்டத் துறைகளில் தேர்ந்தவர்களுக்கு பி பட்டியல். 18 பேரில் குறைந்தது 9 பேர் ஏ, 5 பேர் பி. இரண்டிலும் தகுதி இருப்பவர் எதில் நிற்பது என்பதைத் தானே தேர்ந்துகொள்ளலாம். இரண்டு பட்டியலுக்கும் பொதுவாக, நேர்மையும் நடுநிலையும் வேண்டும், சொந்த நாட்டில் உச்சநீதி பதவிக்குரிய தகுதி வேண்டும், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சரளம் வேண்டும்.

ஏட்டில் இரண்டும் சமம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பல வருடம் முன்பு ஒரு கடல் விபத்து வழக்கு. தொண்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சாட்சி, எழுபது வயதுக்கு மேல். "படகு எங்கே நின்றது?" என்று கேட்டார்கள். "மூணு பாகத் தண்ணியில" என்றார். சொன்னது ஆங்கிலத்தில் பதிவாக வேண்டும். படகு மூன்று பகுதியாக உடைந்து தண்ணீரில் கிடந்தது என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு, "படகு உடையவே இல்லையே, இவர் பொய் சொல்கிறார்" என்று குதித்தார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "பெரியவரே, பாகம்னா என்ன, கையால காட்டுங்க" என்றார். பெரியவர் கூண்டுக்குள் நின்றபடியே இரண்டு கையையும் விரித்தார். ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை ஒரு பாகம், கிட்டத்தட்ட ஆறடி. கயிறு விட்டு ஆழம் பார்க்கும் கணக்கு. பதினெட்டடித் தண்ணீர் என்று பதிவானது. வழக்கே திசை மாறியது.

முன்சீப்பாக இருந்து படிப்படியாக வந்த நீதிபதி அவர். சாட்சி பொய் சொல்கிறாரா, கேட்கிறவனுக்குப் புரியவில்லையா என்று பிரித்தறியப் புத்தகம் சொல்லித் தராது. ஹேக் நீதிமன்றத்தில் இந்தச் சிக்கல் நூறு மடங்கு. உகாண்டா கிராமத்துக்காரர் தன் மொழியில் சொல்வதை, மொழிபெயர்ப்பாளர் வழியாக, வேறு கண்டத்திலிருந்து வந்த மூன்று நீதிபதிகள் கேட்டு எடை போட வேண்டும். பேராசிரியராகவோ தூதராகவோ வாழ்ந்துவிட்டு முதல் முறையாக விசாரணை மேடையில் உட்காருகிறவர் அங்கே திணறித்தான் போவார். ரோம் உடன்படிக்கைக்கே இது தெரியும். முன்விசாரணை, விசாரணைப் பிரிவுகளில் குற்றவியல் விசாரணை அனுபவம் உள்ளவர்களே அதிகம் இருக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

பி பட்டியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேல்முறையீட்டில் அவர்களுடைய அறிவு பெரும் துணை. ஆனால் நீ எந்தப் பக்கம் போகலாம் என்று மனதில் வைத்துத்தான் கேட்டிருப்பாய். முதலில் பத்து வருடம் கீழ் நீதிமன்றத்தில் சாட்சிகளை விசாரி.

ஓட்டுன்னாலே பேரம்தானே வக்கீல் மாமா? (வியாபாரி, கீழக்கரை)

நீங்கள் சொல்லி நான் மறுக்கவா? நீ என் ஆளுக்கு இங்கே போடு, உன் ஆளுக்கு வேறு ஐ.நா. அமைப்பில் நான் போடுகிறேன் என்பது நியூயார்க்கில் வழக்கமான கொடுக்கல் வாங்கல். வேட்பாளர் நியூயார்க்கிலேயே வாரக்கணக்கில் தங்கி, ஒவ்வொரு நாட்டுத் தூதரையும் போய்ப் பார்த்துக் கை குலுக்குவார். தூதரகச் செல்வாக்கும் பயணச் செலவுக்குப் பணமும் உள்ள நாட்டின் வேட்பாளருக்கு அது கூடுதல் பலம்.

இதில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. ஒரு நாடு ஒரு தேர்தலுக்கு ஒருவரை நிறுத்தலாம். அவரை அந்த நாடு எப்படிப் பொறுக்குகிறது என்பதை வெளியிலிருந்து யாரும் பார்ப்பதில்லை. உச்ச நீதிமன்றத்துக்கு ஆள் எடுக்கும் முறையில் எடுக்கலாம் அல்லது சர்வதேச நீதிமன்றம் என்ற வேறொரு கோர்ட்டுக்குப் பெயர் கொடுக்கும் முறையில் எடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பல இடங்களில் வெளியுறவு அமைச்சகம் கைகாட்டுகிற ஆள்தான். ஜப்பான் 2007இல் அனுப்பியவர் வாழ்நாள் முழுக்கத் தூதராக இருந்தவர், சட்டப் பட்டம்கூட இல்லாதவர். ஜெயித்தார்.

அதே நாட்டிலிருந்து பின்னால் வந்த ஒரு நீதிபதி 2019இல், ஒரு பெரிய வழக்கின் தீர்ப்பு பாக்கி இருக்கும்போதே, எஸ்டோனியாவுக்குத் தூதராகவும் போனார். சக நீதிபதிகளில் பெரும்பான்மையோர் அதில் தவறில்லை என்றார்கள். வெளியே கண்டனம் கிளம்பியதும் தூதர் வேலையை விட்டுவிட்டார். நம்மூரில் ஒரு முன்சீப் காலையில் தீர்ப்பு எழுதிவிட்டு மாலையில் கலெக்டர் ஆபீஸில் சம்பளம் வாங்கினால் சும்மா விடுவோமா?

இதற்கெல்லாம் மருந்தாக 2011இல் ஒன்பது பேர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை வைக்க முடிவு செய்தார்கள். வேட்பாளர்களை நேரில் கேள்வி கேட்டு அறிக்கை தரும். ஆனால் அந்த அறிக்கை யாரையும் கட்டுப்படுத்தாது. தகுதி போதாது என்று எழுதினாலும் நாடுகள் நினைத்தால் ஓட்டுப் போடலாம். 2020இல் தென்னாப்பிரிக்க நீதிபதி ரிச்சர்ட் கோல்ட்ஸ்டோன் தலைமையில் ஒரு நிபுணர் குழு நீதிமன்றம் முழுவதையும் அலசி, ஆளெடுப்பையும் சரி செய்யச் சொன்னது. அதன் பிறகு சற்றுக் கவனம் கூடியிருக்கிறது. பேரம் ஒழிந்துவிட்டது என்று மட்டும் நான் எழுதித் தர மாட்டேன்.

இந்தியர் யாராவது அங்க நீதிபதியா இருக்காங்களா? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், பரமக்குடி)

முடியாது தம்பி. அங்கே நிற்பவர் உறுப்பு நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். இந்தியா ரோமில் ஒதுங்கி நின்ற 21இல் ஒன்று, இன்றும் உறுப்பினர் இல்லை. பாதுகாப்பு சபைக்குத் தந்த அதிகாரம் பிடிக்கவில்லை, அணு ஆயுதத்தையும் பயங்கரவாதத்தையும் சேர்க்கவில்லை என்பது அப்போது நம் நாடு சொன்ன குறை.

செய்தியில் நீ பார்த்திருக்கக்கூடிய இந்திய நீதிபதி தல்வீர் பண்டாரி வேறு நீதிமன்றம். அதுவும் ஹேக்கில்தான் இருப்பதால் எல்லாரும் குழம்புகிறார்கள். அது நாடுகளுக்கு இடையிலான வழக்கை விசாரிக்கும் சர்வதேச நீதிமன்றம், 15 நீதிபதிகள், ஐ.நா. பொதுச்சபையும் பாதுகாப்பு சபையும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். 2017இல் பண்டாரிக்குப் பொதுச்சபை ஆதரவு, பிரிட்டன் வேட்பாளருக்குப் பாதுகாப்பு சபை ஆதரவு என்று இழுபறியாகி, கடைசியில் பிரிட்டன் விலகியது. 1946இல் தொடங்கிய அந்த நீதிமன்றத்தில் பிரிட்டிஷ் நீதிபதி இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதிவிடாதே.

ஆனால் நம் வம்சத்தவர் ஒருவர் முன்பு குற்றவியல் நீதிமன்றத்தில் நீதிபதியாக உட்கார்ந்திருந்தார். நவநீதம் பிள்ளை, உலகம் நவி பிள்ளை என்று கூப்பிடும். டர்பனில் பிறந்தவர், தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பம், அப்பா பஸ் ஓட்டுநர். ருவாண்டா இனப்படுகொலைக்கான தீர்ப்பாயத்தில் நீதிபதியாக இருந்தபோது, 1998இல் அகயேசு வழக்கில் பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையின் ஒரு வடிவமே என்று தீர்ப்புச் சொன்ன மூவரில் ஒருவர். 2003இல் குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் அணியில் தேர்வானார். சீட்டுக் குலுக்கலில் அவருக்கு ஆறு வருடம் விழுந்தது. அதை முடிக்குமுன்பே 2008இல் ஐ.நா. மனித உரிமை ஆணையராகப் போய்விட்டார். 2013இல் இலங்கைக்குப் போனது அந்தப் பொறுப்பில்தான்.

தம்பி, நான் 1990இல் தலைமன்னாரிலிருந்து வந்து முகாமில் இருக்கிறேன். எங்கள் கதையை அந்த நீதிபதிகள் கேட்பார்களா? (மண்டபம் மறுவாழ்வு முகாம்)

அக்கா, உங்கள் சீட்டைத்தான் முதலில் பிரித்தேன். பதில் எழுத மட்டும் ரொம்ப நாளாகிவிட்டது.

அந்த நீதிமன்றம் 2002 ஜூலைக்கு முந்தைய எதையும் தொடாது. நீங்கள் படகேறியது அதற்கு வெளியே போய்விட்டது. 2009இல் நடந்தது கால எல்லைக்குள் வருகிறது. ஆனால் இலங்கை உறுப்பினர் இல்லை. உறுப்பினர் இல்லாத நாட்டில் அந்த நாட்டவரே செய்ததற்கு, அந்த நாடே சம்மதித்தாலோ ஐ.நா. பாதுகாப்பு சபை விவகாரத்தை அந்த நீதிமன்றத்துக்கு அனுப்பினாலோதான் வழி. 2005இல் சூடானின் டார்ஃபூரையும் 2011இல் லிபியாவையும் சபை அனுப்பியது. அந்தச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்று கையை உயர்த்தி மறுத்தாலே முடிந்தது.

மூன்றாவதாக ஒரு கதவு இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். மியான்மர் உறுப்பினர் இல்லை. அங்கிருந்து 2017இல் ரோஹிங்கியா மக்கள் ஏழு லட்சம் பேருக்கு மேல் துரத்தப்பட்டு வங்கதேசத்துக்குள் வந்தார்கள். வங்கதேசம் உறுப்பினர். விரட்டுவது என்ற குற்றத்தின் ஒரு பாதி எல்லை தாண்டியதும் வங்கதேச மண்ணில்தானே நடந்தது, அதனால் விசாரிக்கலாம் என்று 2018இல் நீதிபதிகள் சொன்னார்கள். அதைப் படித்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது உங்கள் முகாம்தான். தலைமன்னாரிலிருந்து வந்தவர்கள் தனுஷ்கோடி மணல்திட்டில் கால் வைத்தார்களே, அது இந்திய மண். இந்தியா உறுப்பினராக இருந்திருந்தால், 2002 ஜூலைக்குப் பிறகு வந்தவர்களுக்காகக் கேட்டுப் பார்க்கவாவது இடம் இருந்திருக்கும். இல்லை.

எங்க படகைப் பிடிச்சுட்டுப் போறாங்களே, அதை அங்க கொண்டுபோக முடியுமா? (மீனவர், ராமேஸ்வரம்)

முடியாதப்பா. அது நான்கு பெரிய குற்றத்துக்கான நீதிமன்றம். கைது, படகு பறிமுதல் எல்லாம் ஊர்காவற்துறை, மன்னார் நீதிமன்றங்களில்தான் நடக்கிறது, உனக்கே தெரியும். கடல் வழக்குக்கென்று ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 21 நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் ஒன்று உண்டு. இந்தியாவின் நீரு சத்தா 2017இல் அதற்குத் தேர்வானார். பிடிபட்ட படகை விடுவிக்கக் கேட்கும் வழி அங்கே இருந்தாலும், நாட்டின் சார்பில்தான் போக முடியும். நீயோ நானோ மனுப் போட முடியாது.

பெரிய நாட்டு ஆளுக்கு வாரண்ட் போட்டா நீதிபதிக்கு ஆபத்து வராதா? (ஆசிரியர், தேவிபட்டினம்)

வந்துகொண்டே இருக்கிறது. 2023 மார்ச்சில் புடினுக்கு வாரண்ட் போட்ட நீதிபதிகளை ரஷ்யா தன் தேடப்படுவோர் பட்டியலில் சேர்த்தது. 2025இல் அமெரிக்கா பல நீதிபதிகள் மீது பொருளாதாரத் தடை போட்டது. அவர்களில் ஒருவர் பிரான்ஸின் நிகோலா கியூ, 2023 தேர்தலில் ஜெயித்தவர். ஓட்டுக் கேட்டு வந்தபோது, கடன் அட்டை முடங்கிப்போகும் என்று அவரிடம் யார் சொல்லியிருப்பார்கள்?

ஒன்பது வருடம், மறுபடி நிற்க முடியாது என்ற விதியின் அருமை இங்கேதான் தெரிகிறது. அடுத்த ஓட்டுக்காக யாரையும் குளிர்விக்க வேண்டியதில்லை. நீக்குவதும் சுலபமல்ல. மற்ற நீதிபதிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் பரிந்துரைத்து, நாடுகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு நீதிபதி மாறினா தீர்ப்பு மாறுமா? (பெயர், ஊர் எழுதவில்லை)

காங்கோவின் முன்னாள் துணை அதிபர் பெம்பாவுக்கு அந்த நீதிமன்றத்தில் 2016இல் 18 வருடச் சிறை. 2018இல் மேல்முறையீட்டில் விடுதலை. ஐந்து நீதிபதிகளில் மூன்றுக்கு இரண்டு. அதற்குள் அவர் உள்ளே பத்து வருடம் கழித்துவிட்டார். போதுமா?

சார், பட்டா விஷயம் பாதியிலேயே நின்னு போச்சு. எங்க அப்பா பேர்லயே இன்னும் இருக்கு. (பாசி எடுக்கும் பெண்கள் குழு, ஏர்வாடி)

மன்னிச்சுக்கோங்கம்மா. அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முகாமில் உங்கள் சீட்டைத்தான் முதலில் எடுப்பேன்.